எழுதிய பின் மறைக்க முடியாது

1919 மார்ச் மாதத் தொடக்கம். இந்தத் தீவின் நடுப்பகுதியில் இன்புளுவன்சாக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. வடக்கையும் தெற்கையும் அது ஐந்து மாதம் முந்தியே, 1918 ஒக்டோபரில், உலுக்கிவிட்டிருந்தது. நடுப்பகுதிக்குப் பிந்தித்தான் வந்தது. அந்தக் காலத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து சித்தார்த் சந்திரா, தில்ஷானி சரத்சந்திர என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கொள்ளைநோயால் இலங்கை இழந்தது சுமார் 307,000 பேர். அன்றைய சனத்தொகையில் 6.7 சதவீதம். இறந்தவர்களோடு, அந்தக் காய்ச்சலால் பிறக்காமலே போன பிள்ளைகளும் இந்தத் தொகையில் அடக்கம்.

அதே வைரஸ் 2005-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் மறுபடி உண்டாக்கப்பட்டது. உண்டாக்கிய ஆய்வு 'சயன்ஸ்' சஞ்சிகையிலும், மரபணு வரிசையின் கடைசிப் பகுதி 'நேச்சர்' சஞ்சிகையிலும் அந்த ஒக்டோபரிலேயே வெளிவந்தன. உலகத்தில் எவரும் வாசிக்கலாம்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் வட்டகொடைப் பிள்ளை ஒருத்தி இதைக் கேள்விப்பட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "சேர், செத்துப்போன கிருமிய எழுப்புனதே பெரிய விசயம். அத எப்படி எழுப்புறதுன்னு எல்லாருக்கும் எழுதியும் போடலாமா?"

"ஒரு பிளேன்டி ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்கிற பதில் இல்ல மகள். இன்னொன்னு ஊத்திக்கிட்டு உட்காரு" என்றேன். அவளுக்குச் சொன்னதையும், சொல்ல வேண்டும் என்று பிறகு தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இது அவளுக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை.

முதலில் அந்தக் கிருமி எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். அலாஸ்காவில் பிரெவிக் மிஷன் என்று ஒரு கடலோரச் சிற்றூர். 1918 நவம்பரில் ஐந்தே நாளில் அங்கிருந்த 80 பெரியவர்களில் 72 பேர் அந்தக் காய்ச்சலுக்குப் பலியானார்கள். எல்லோரையும் ஒரே குழியில் புதைத்தார்கள். அங்கே நிலத்தின் அடி ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். 1951-இல் யொஹான் ஹுல்டின் என்ற மாணவர் அந்தக் குழியைத் தோண்டி, நுரையீரல் துண்டுகளை எடுத்துப் போய் வைரஸை வளர்த்துப் பார்த்தார். வளரவில்லை. 46 ஆண்டு கழித்து, 72 வயதில், அதே மனிதர் ஊராரிடம் அனுமதி கேட்டு மறுபடி தோண்டினார். மனைவியின் தோட்டக் கத்தரியைக் கையோடு கொண்டுபோயிருந்தார். பருமனான ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. கொழுப்பு மூடிக் காத்ததால் நுரையீரல் அழுகாமல் இருந்தது. அதை அமெரிக்க ஆயுதப்படைகளின் நோயியல் நிறுவகத்தில் இருந்த ஜெஃப்ரி டோபன்பர்கருக்கு அனுப்பிவைத்தார்.

அந்தத் துண்டில் உயிருள்ள வைரஸ் இல்லை. சிதைந்துபோன மரபணுத் துணுக்குகள்தான் இருந்தன. அவற்றை எழுத்தெழுத்தாக வாசித்து முழு வரிசையையும் சேர்த்து முடிக்க 2005 ஆகிவிட்டது. அந்த வரிசையை வைத்து டெரன்ஸ் டம்பி என்ற விஞ்ஞானி அட்லாண்டாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் வைரஸை உண்டாக்கினார். கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அவர் ஒருவர் மட்டுமே அந்த ஆய்வுகூடத்துக்குள் போகலாம். விரல் ரேகை சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும். காய்ச்சல் வராமலிருக்க அவர் மருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும். எலிகளுக்கு அந்த வைரஸைக் கொடுத்து நான்காம் நாள் நுரையீரலைச் சோதித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த சாதாரண இன்புளுவன்சா வைரஸைவிட அது 39,000 மடங்கு அதிகமாகப் பெருகியிருந்தது. 1919-இல் இந்த மலைகளில் ஆரோக்கியமாக இருந்த இளவயதினர் ஏன் அத்தனை வேகமாக மடிந்தார்கள் என்பதற்கு அந்த எண் ஒரு விடை.

பிரசுரிக்கலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. உயிரியல் பாதுகாப்புக்கென்று ஓர் ஆலோசனைச் சபையை அமெரிக்க அரசாங்கம் அப்போதுதான் அமைத்திருந்தது. கட்டுரைகள் அச்சேறும் முன் அந்தச் சபை பார்த்து, பிரசுரிக்கலாம் என்று ஒருமனதாகச் சொன்னது. தொழில்நுட்ப உலகின் பெரிய பெயர்களான ரே கர்ஸ்வைலும் பில் ஜோயும் இது ஆபத்தான முட்டாள்தனம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

நன்மையும் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது முதியவர்களைவிட இளையவர்களையே அது அதிகம் பிடித்தது. ஏன் என்று விளங்கிக்கொள்ள 1918 வைரஸின் விவரங்கள் உதவின. இரண்டு வைரஸ்களின் மேற்பரப்புப் புரதமும் ஒத்திருந்தது; பழைய கிருமியின் வழிவந்தவற்றைச் சிறுவயதில் சந்தித்தவர்களின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி மிஞ்சியிருந்தது. 2009-ஆம் ஆண்டின் தடுப்பூசி 1918 வைரஸிலிருந்தும் எலிகளைக் காக்கிறது என்பதும் பிறகு தெரியவந்தது. 1918 வைரஸைப் பற்றிய பயத்தைக் குறைத்ததும் அதைப் பற்றி வெளிவந்த அறிவுதான்.

அடுத்த சோதனை 2011-இல் வந்தது. அது இவ்வளவு எளிதில் முடியவில்லை.

பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 கோழியிலிருந்து மனிதருக்குத் தொற்றினால் கொடியது. அதுவரை உலகில் உறுதிசெய்யப்பட்ட சுமார் 600 நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். ஆனால் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு அது எளிதில் தாவாது. தாவும்படி அது மாற முடியுமா? இதைத்தான் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் ரொன் ஃபூஷியேயும், அமெரிக்காவின் விஸ்கொன்சினில் யொஷிஹிரோ கவாஓகாவும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். ஃபெரட் என்று கீரியைப் போல ஒரு விலங்கு உண்டு. காய்ச்சல் வந்தால் மனிதரைப் போலவே தும்மும். அருகருகே இரண்டு கூடு. ஒன்றில் இருப்பது மற்றதைத் தொட முடியாது, காற்று மட்டும் போகும். சில மரபணு மாற்றங்களுக்குப் பிறகு வைரஸ் ஒரு கூட்டிலிருந்து மற்றக் கூட்டுக்குப் போய்விட்டது. காற்று வழியாக அது தொற்றிய ஃபெரட்கள் சாகவில்லை என்று ஃபூஷியே பின்னர் தெளிவுபடுத்தினார். ஆனாலும் இயற்கை அதுவரை செய்யாத ஒன்று ஆய்வுகூடத்தில் நடந்தேறியிருந்தது.

கட்டுரைகள் சஞ்சிகைகளின் கைக்குப் போன பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். 2011 டிசம்பரில் அமெரிக்க ஆலோசனைச் சபை, முடிவைச் சொல்லுங்கள், செய்த விதத்தை நீக்கிவிடுங்கள் என்றது. 2012 ஜனவரியில் 39 இன்புளுவன்சா ஆய்வாளர்கள் இவ்வகை ஆய்வைத் தாங்களாகவே 60 நாளுக்கு நிறுத்துவதாக அறிவித்தார்கள். அது ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு நீண்டது. பெப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் 22 பேரைக் கூட்டிப் பேசவைத்தது. அந்தக் கூட்டம் முழுமையாகப் பிரசுரிப்பதே மேல் என்றது. மார்ச்சில் அமெரிக்கச் சபை திருத்திய கட்டுரைகளைப் பார்த்துத் தன் முடிவை மாற்றிக்கொண்டது: கவாஓகாவின் கட்டுரைக்கு எல்லோரும் இணங்கினார்கள், ஃபூஷியேயின் கட்டுரைக்கு 12 பேர் ஆம், 6 பேர் இல்லை. முன்னது மே மாதம் 'நேச்சரில்' வந்தது, பின்னது ஜூனில் 'சயன்ஸில்' வந்தது.

ஜெனீவாவில் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் பதில் முழுவதும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. செய்முறையை நீக்கிப் பிரசுரிப்பதாகவே வைத்துக்கொள்வோம். முழுக் கட்டுரை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் எகிப்திலும் கோழிகளிடையே அந்த வைரஸ் உலாவிக்கொண்டிருக்கிறது. எந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்று அங்குள்ள ஆய்வுகூடங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படியானால் யாருக்குக் கொடுப்பது? யார் தீர்மானிப்பது? எந்த நாட்டின் பெட்டகத்தில் பூட்டி வைப்பது? வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார் என்பதற்கு யார் பிணை? இவற்றில் ஒன்றுக்கும் அவர்களால் விடை சொல்ல முடியவில்லை. கட்டுரையின் பிரதிகளைப் பலர் ஏற்கனவே பார்த்தும் இருந்தார்கள். எழுதி முடித்த பின் மறைப்பதற்கு ஒரு வழி உலகத்தில் இருக்கவில்லை. இன்றுவரை அப்படி நம்பத்தக்க வழி எதுவும் உருவாகவில்லை.

"அப்ப மறைக்கிறதே பிழையா சேர்?" என்று அவள் கேட்டாள். எதை மறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மறைத்தால் யாருக்கு நட்டம் என்று முதலில் பார்ப்போம். 2007-இல் இந்தோனேசியாவின் சுகாதார அமைச்சர் சித்தி ஃபடிலா சுபாரி, தன் நாட்டுப் பறவைக் காய்ச்சல் மாதிரிகளை வெளியே அனுப்புவதில்லை என்று அறிவித்தார். எங்கள் நோயாளிகளின் கிருமியை வாங்கிப் போகிறீர்கள், அதில் தடுப்பூசி செய்கிறீர்கள், அதை எங்களால் வாங்க முடியாத விலைக்கு விற்கிறீர்கள் என்பது அவர் முறைப்பாடு. கொழுந்து கொய்கிறவருக்கு ஏலத்து விலையில் பங்கு இல்லை என்று தெரிந்த நமக்கு அந்த முறைப்பாட்டின் நியாயம் விளங்காமல் போகாது. ஆனால் மாதிரி போகாத காலத்தில், வைரஸ் எப்படி மாறுகிறது என்று உலகத்துக்குச் சரியாகத் தெரியவில்லை. அதற்கான தீர்வாக, கிருமியைப் பகிர்கிற நாட்டுக்குத் தடுப்பூசியிலும் மருந்திலும் பங்கு உண்டு என்ற உடன்பாட்டை உலக சுகாதாரப் பேரவை 2011 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது.

மாறாக, திறந்து வைத்ததால் வந்த பலனையும் நாம் கண்டிருக்கிறோம். 2020 ஜனவரி 11-இல் சீன விஞ்ஞானி ஜாங் யொங்ஜென்னின் குழுவினர் கொவிட் வைரஸின் மரபணு வரிசையை, அவுஸ்திரேலியாவிலுள்ள எட்வர்ட் ஹோம்ஸ் மூலம், எல்லோரும் எடுக்கும்படி வெளியிட்டார்கள். இரண்டே நாளில் மொடேர்னா தடுப்பூசியின் வடிவம் தயாரானது. அந்த வரிசை கையில் கிடைத்ததால்தான் பிசிஆர் சோதனை கொழும்புக்கும் வந்தது. 2021-இல் எந்தத் திரிபு இங்கே பரவுகிறது என்று ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் சந்திம ஜீவந்தரவும் நீலிகா மலவிகேயும் அவர்களது குழுவினரும் மரபணு வரிசையை வாசித்து அவ்வப்போது அறிவித்தார்கள். வெளிநாட்டு வரிசைகள் திறந்து கிடந்திராவிட்டால் எதோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள்?

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம். ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு இங்கிருந்து போன நம் சொந்தங்கள் பலர் நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். எல்லை தாண்டினால் கேரளம். 2018 மே மாதம் அங்கே கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தது. அது அந்த மண்ணுக்குப் புதிது. ஆனால் 1999-இல் மலேசியாவிலும், 2001 முதல் வங்கதேசத்திலும் அந்த வைரஸைச் சந்தித்தவர்கள் நோயின் அடையாளங்களையும், பழந்தின்னி வௌவாலில் அது இருப்பதையும், நோயாளியைப் பராமரிப்பவருக்கு அது தொற்றுவதையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தார்கள். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வந்ததும் கோழிக்கோட்டு வைத்தியர்களுக்கு நிபாவாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது அதனால்தான். மணிப்பாலிலும் புனேயிலும் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். பரவல் இரு மாவட்டங்களோடு நின்றது. யாரோ எழுதி வைத்த கட்டுரை முகம் தெரியாத ஊரைக் காப்பாற்றியது.

ஆனால் திறந்து வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது பிந்தி வரும்.

இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, ஆத்தா இறங்கட்டும் என்று காத்திருந்த தலைமுறையின் நினைவு அது. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980 மே மாதம் உலகம் அறிவித்தது. இப்போது அந்த வைரஸ் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கொல்ட்சோவோவிலும் மட்டுமே அதிகாரபூர்வமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மரபணு வரிசையோ 1993-இலிருந்தே எல்லோர் கையிலும் இருக்கிறது. 'இந்தியா 1967', 'வங்கதேசம் 1975' என்று நம் பக்கத்து ஊர்களின் பெயர் தாங்கிய வைரஸ்களின் வரிசைகள் அவை. அன்று அதை வெளியிட்டவர்கள் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தைப் பார்த்து வைரஸை உண்டாக்கும் திறமை அன்று யாருக்கும் இல்லை.

2002-இல் அந்தத் திறமை வந்துவிட்டது. நியூயோர்க் மாநிலத்தில் எக்கார்ட் விம்மரின் குழு, பிரசுரமான வரிசையை மட்டும் வைத்துப் போலியோ வைரஸை உண்டாக்கிக் காட்டியது. 2018-இல் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் எவன்ஸின் குழு, பெரியம்மையின் உறவான குதிரையம்மை வைரஸை, விலைக்கு வாங்கிய டிஎன்ஏ துண்டுகளைக் கோத்து உருவாக்கிய கட்டுரையை வெளியிட்டது. செலவு சுமார் 100,000 டொலர். பெரிய சஞ்சிகைகள் இரண்டு மறுத்த பின் மூன்றாவது ஒன்று ஏற்றுக்கொண்டது. 1993-இல் வெறும் எழுத்தாக இருந்தது கால் நூற்றாண்டில் வேறொன்றாக மாறிவிட்டது. ஓர் அறிவை வெளியிடும்போது அதன் இன்றைய ஆபத்தை மட்டும் எடைபோட்டால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வெளிவந்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது.

இன்னொரு விலை, எழுத்தோடு சம்பந்தமே இல்லாமல், ஆய்வு நடக்கும் இடத்திலேயே இருக்கிறது. 1977-இல் உலகைச் சுற்றிய எச்1என்1 காய்ச்சல் வைரஸ், 1950-ஆம் ஆண்டு வாக்கில் இருந்த வைரஸோடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இருபத்தைந்து ஆண்டு மாறாமல் இயற்கையில் அது இருந்திருக்க முடியாது. ஆய்வுகூடத்தின் உறைபெட்டியிலிருந்தோ தடுப்பூசிச் சோதனையிலிருந்தோ தான் வெளிவந்திருக்கும் என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து. 1978-இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில், பெரியம்மை ஆய்வுகூடத்துக்கு மேல்மாடியில் வேலை செய்த படப்பிடிப்பாளர் ஜேனட் பார்க்கர் பெரியம்மை வந்து இறந்தார். உலகில் அந்த நோய்க்குப் பலியான கடைசி மனிதர் அவர்தான். 2004-இல் பெய்ஜிங்கில் சார்ஸ் ஆய்வுகூடத்தில் ஒரு மாணவிக்கு நோய் தொற்றியது; அவள் பிழைத்தாள், அவளைப் பார்த்துக்கொண்ட தாய் இறந்தார். ஜேனட் பார்க்கர் அந்த வைரஸைத் தொட்டதில்லை. அந்தத் தாய் ஆய்வுகூடத்தைப் பார்த்ததுகூட இருக்காது. ஆய்வுக்குச் சம்மதம் தெரிவிக்காதவர்கள்தான் விலை கொடுத்தார்கள்.

இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவை மறைத்தால், சொந்தமாகப் பெரிய ஆய்வுகூடம் இல்லாத நாடுகள் முதலில் பாதிக்கப்படும். அபாயகரமான அறிவு தப்பான கைக்குப் போனாலோ, கிருமி தப்பி வந்தாலோ, நல்ல வைத்தியசாலை தூரமாக இருக்கும் சனங்கள் முதலில் பாதிக்கப்படுவார்கள். லயத்துக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவர் கூரையைத் தொடாத லயங்கள் இன்னும் இருக்கின்றன. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும், இருமல் போகிற வழியில் கிருமியும் போகும். தண்ணீர்க் குழாய் பொது. கொவிட் காலத்தில் "வீட்டுக்குள்ளேயே தனியாக இருங்கள்" என்றார்கள். தனியாக இருக்க எந்தக் காம்பராவில் இன்னோர் அறை இருந்தது? மறைத்தாலும் நட்டம் நமக்கு. திறந்தாலும் நட்டம் நமக்கு. ஆகவே 'எல்லாவற்றையும் திற' என்கிறவர் பக்கமும், 'எல்லாவற்றையும் பூட்டு' என்கிறவர் பக்கமும் சாயாமல், எந்த அறிவு எப்படிப்பட்டது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நமக்கு அதிகம்.

பிரிப்பது எப்படி? இதற்குத் தேயிலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1946-இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. இளங்கொழுந்தில் முதலில் வெளிறிய, ஒளி ஊடுருவும் ஒரு சிறு புள்ளி தெரியும். பிறகு இலையின் மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெள்ளையாகக் கொப்புளிக்கும். அந்த வெள்ளையிலிருந்து பொடி போன்ற வித்துகள் பனிமூட்டத்தோடும் காற்றோடும் அடுத்த மலைக்குப் போகும். வட்டகொடையிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி, தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதையெல்லாம் ஆராய்ந்து தோட்டங்களுக்குச் சொன்னது. புள்ளி எப்படி இருக்கும், எந்தக் காலநிலையில் பரவும், செப்பு மருந்தை எப்போது அடிக்க வேண்டும் என்ற அறிவை ஒரு தோட்டம் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் எல்லாத் தோட்டமும் அழிந்திருக்கும். அது எல்லோருக்கும், உடனே, இலவசமாகப் போக வேண்டிய அறிவு. செப்பு மருந்துக்கும் சாகாத ஒரு கொப்புள நோயை வளர்த்துப் பார்ப்போமா என்று யாராவது கேட்டால், அதை எந்தச் சஞ்சிகையில் போடுவது என்பது அங்கே முதல் கேள்வி ஆகாது. ஏன் வளர்க்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

வைரஸுக்கும் இதுதான். இப்போது எங்கே என்ன பரவுகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது, எப்படிக் குணப்படுத்துவது என்ற அறிவைத் தாமதமின்றித் திறக்க வேண்டும். இயற்கையில் உள்ள கிருமி உடம்பை எப்படித் தாக்குகிறது என்ற அறிவையும் பெரும்பாலும் திறக்கலாம். இயற்கையில் இல்லாத கொடிய கிருமியை உண்டாக்கும் அறிவை மட்டும் தனியே எடுத்து வைத்து, அது தேவைதானா என்று கேட்க வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு, அது பலமானதும்கூட. இயற்கை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் பால் மாடுகளிடம் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முந்தைய ஃபெரட் ஆய்வுகள் காட்டிய மரபணு மாற்றங்கள், களத்தில் எடுத்த மாதிரிகளில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் பட்டியல்களில் இடம்பெற்றிருக்கின்றன. அந்த ஆய்வு நடந்தே இருக்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. மார்க் லிப்சிச் போன்ற ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லும் பதில், அதே கேள்விக்கு ஆபத்துக் குறைந்த வழியிலும் விடை தேடலாம் என்பது: முழு வைரஸுக்குப் பதில் தனிப் புரதத்தை வைத்துச் சோதிப்பது, நோயாளிகளிடமிருந்து கிடைத்த வரிசைகளை ஒப்பிடுவது. 2014-இல் விஞ்ஞானிகள் இரண்டு அணியாகப் பிரிந்து அறிக்கை விட்டார்கள். இரு அணியிலும் நேர்மையானவர்கள் இருந்தார்கள். அந்த ஒக்டோபரில் அமெரிக்க அரசாங்கம் இவ்வகை ஆய்வுக்கான பணத்தை நிறுத்தியது. 2017 டிசம்பரில், முன்கூட்டியே மீளாய்வு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு மறுபடி அனுமதித்தது. 2025 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று அதை மறுபடி இறுக்கியது.

இந்த இழுபறியைப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. கொஞ்சமாவது பயன் தந்த தடை எல்லாம் ஆய்வு தொடங்கும் முன் போட்ட தடைதான். முடிந்த பின் போட்ட தடை, 2012-இல் ஏறத்தாழ மூன்று மாதத்தில் தளர்ந்துவிட்டது. ஆகவே பிரசுரிக்கலாமா என்ற கேள்வியை, பணம் கேட்டு விண்ணப்பம் எழுதும் நாளிலேயே கேட்க வேண்டும். இதை முடித்தால் முழுவதையும் உலகுக்குச் சொல்ல உன்னால் முடியுமா? முடியாது என்றால், ஏன் தொடங்குகிறாய்? இந்தக் கேள்வியைத் தாண்டி வந்த ஆய்வைப் பிறகு வெட்டாமல், மறைக்காமல் பிரசுரிக்கட்டும். அரைகுறையாக வெளியிட்டால், வசதியுள்ளவர் மீதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார். வசதியில்லாத நாடுதான் இருட்டில் நிற்கும்.

அமெரிக்க விதி அமெரிக்கப் பணத்தைத்தான் கட்டுப்படுத்தும். வேறு நாடுகளும், சொந்தப் பணம் போடும் கம்பனிகளும் அதற்கு வெளியே. 2022 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்குமான ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அது வழிகாட்டிதான், யாரையும் கட்டுப்படுத்தாது. அதை உயிருள்ளதாக்குவது ஒவ்வொரு நாட்டின் கையில் இருக்கிறது, நம் நாட்டின் கையிலும்.

எங்கள் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம் போகிறார்கள். நாளை ஆய்வுகூடத்திலும் இருப்பார்கள். பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ பீடங்களில், ஆய்வுக்கு முன் அனுமதி தரும் ஒழுக்கவியல் குழுக்கள் இருக்கின்றன. ஆய்வில் பங்கெடுப்பவரின் நலனைக் காப்பதுதான் அவற்றின் முதல் வேலை. சம்மதக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டாரா, இரத்தம் எடுத்தால் அவருக்கு விளங்கும் மொழியில் சொன்னார்களா என்று பார்ப்பார்கள். நல்லது, அது தேவை. விண்ணப்பப் படிவத்தில் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்: இந்த ஆய்வு பிழையாகப் போனால், கையெழுத்துப் போடாதவர்களில் யார் யார் பாதிக்கப்படுவார்கள்? அதற்கு விடை எழுதாமல் ஒரு வைரஸ் ஆய்வும் தொடங்கக்கூடாது. எழுதிய விடையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் யாரும் வாசிக்கும்படி வைக்க வேண்டும். முதலில் திறந்து வைக்க வேண்டிய பக்கம் அதுதான்.